வெட்டும் ஒட்டும்: திரைப்படம் தொடர்ந்து ஓடக் கற்ற வரலாறு



தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் ஒன்று இருந்தது. நம்மில் மூத்தவர்கள் அதைக் கண்டிருக்கிறார்கள். இளையவர்கள் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் படங்களில் எல்லாருக்கும் தெரிந்த தொல்லை ஒன்று உண்டு. கதை சூடு பிடிக்கும் இடத்தில் படச்சுருள் அறுந்துவிடும். திரை வெளுத்துப் போகும். சீழ்க்கை பறக்கும். படம் ஓட்டுபவர் அறுந்த இரண்டு முனைகளையும் சற்றுக் கத்தரித்து, ஒட்டி, மறுபடி ஓட்டுவார். வாசற்படியில் நின்ற கதாநாயகன் கண் மூடித் திறப்பதற்குள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். பேச்சில் பாதி காணாமல் போயிருக்கும். உடனே, "வெட்டிட்டாங்கய்யா!" என்று கூட்டம் கூச்சலிடும்.

இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்த ஒரு வெட்டுக்குக் கூச்சலிட்ட அதே கூட்டம், அதே படத்தில் வேறு நூற்றுக்கணக்கான வெட்டுகளைப் பார்த்தும் ஒரு சொல் சொல்லவில்லை. கதாநாயகன் முகத்திலிருந்து கதாநாயகி முகத்துக்கு, வீட்டிலிருந்து வீதிக்கு, வீதியிலிருந்து நீதிமன்றத்துக்குப் படம் தாவிக்கொண்டே இருந்தது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. ஒரு வெட்டு நம் கண்ணில் குத்துகிறது. மற்றவை கண்ணுக்கே தெரிவதில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியதே திரைப்படத் தொகுப்புக் கலையின் வரலாறு. துண்டு துண்டாக எடுத்த படத்தை ஒரே ஓட்டமாகத் தோன்றும்படி ஒட்டும் முறைக்குத் தொடர்ச்சித் தொகுப்பு என்று பெயர். அது எப்படிப் பிறந்தது, தமிழ்ப் படத்துக்கும் மலாயாவுக்கும் எப்படி வந்து சேர்ந்தது, அதை அறிந்துகொள்வதால் நமக்கு என்ன பயன் என்பவற்றை இன்று காண்போம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பேசும் படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 நிழற்படங்கள் ஓடுகின்றன. 35 மில்லிமீட்டர் சுருளானால் ஒரு நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி நீளமாகும்; அதில் 2,16,000 நிழற்படங்கள் இருக்கும். இவ்வளவும் ஒரே மூச்சில் எடுக்கப்படுவதில்லை. கேமராவை ஓட்டியதிலிருந்து நிறுத்தும் வரை பதிவாகும் துண்டுக்கு ஷாட் என்று பெயர். இப்படிப் பல ஷாட்டுகளை, பல நாட்களில், பல இடங்களில் எடுத்து, பிறகு மேசையில் வைத்து ஒட்டுகிறார்கள். அந்த வேலையைச் செய்பவரே எடிட்டர் எனப்படும் படத்தொகுப்பாளர்.

தொடக்கத்தில் ஒட்டுவேலையே கிடையாது. 1895 டிசம்பர் 28-ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு படம் காட்டியபோது, ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 50 நொடிதான் ஓடியது. தொழிற்சாலையிலிருந்து வேலையாட்கள் வெளியே வருவார்கள், படம் முடிந்துவிடும். ஒரு படம், ஒரு துண்டு. கேமரா, நாடகக் கொட்டகையில் நடுவரிசையில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் போல ஒரே இடத்தில் இருந்தது.

பிறகு கதை சொல்லும் ஆசை வந்தது. கதைக்கு ஒரு துண்டு போதாது. இரண்டு துண்டுகளை ஒட்டினால், இரண்டாவது துண்டு முதல் துண்டின் தொடர்ச்சி என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? இன்று குழந்தைக்கும் புரியும் இந்தச் சங்கதி அன்று பெரிய சிக்கலாக இருந்தது.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1901-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் வில்லியம்சன் என்பவர் தீ விபத்தைப் பற்றி ஒரு படம் எடுத்தார். புகை சூழ்ந்த அறையில் தீயணைப்பு வீரர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு சன்னல் வழியாக வெளியேறுகிறார். அடுத்த துண்டில், வெளியே ஏணியில் இறங்குகிறார். உள்ளே தொடங்கிய செயல் வெளியே தொடர்கிறது. அமெரிக்காவில் எட்வின் போர்ட்டர் 1903-இல் வெளியிட்ட தீயணைப்பு வீரர் படமோ வேறு வழியில் சென்றது. அதில், பெண்ணையும் குழந்தையையும் மீட்கும் காட்சி முழுவதையும் முதலில் வீட்டுக்குள்ளிருந்து காட்டினார். பிறகு அதே மீட்பு முழுவதையும் வெளியிலிருந்து மறுபடி காட்டினார். ஒரே பெண் இரண்டு முறை காப்பாற்றப்பட்டாள்.

இந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு வேடிக்கையும் உண்டு. பிற்காலத்தில் வழக்கிலிருந்த ஒரு பிரதியில், உள்காட்சியும் வெளிக்காட்சியும் மாறி மாறி வரும்படி அழகாக வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்த வரலாற்றாசிரியர்கள், 1903-லேயே போர்ட்டர் இந்த நுட்பத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எழுதினார்கள். ஆனால் அக்காலத்தில் பதிப்புரிமைக்காகப் படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஒப்படைப்பது வழக்கம். அந்தக் காகிதப் படியை எடுத்துப் பார்த்தபோது உண்மை வெளியாயிற்று. அழகான அந்த ஒட்டு, பிறகு யாரோ செய்தது! மூலப்படி பத்திரமாக இருந்ததால்தான் வரலாறு திருத்தப்பட்டது. இதை மனத்தில் வைத்துக்கொள்வோம். பிறகு நமக்குப் பயன்படும்.

1908 முதல் 1913 வரை அமெரிக்காவில் டி. டபிள்யூ. கிரிஃபித் என்ற இயக்குநர் நானூற்றுக்கும் மேற்பட்ட சிறு படங்களை எடுத்தார். அவர் காலத்தில் தொகுப்பு முறை ஓர் ஒழுங்குக்கு வந்தது. 1909-இல் அவர் எடுத்த ஒரு படத்தில், திருடர்கள் கதவை உடைக்கிறார்கள். உள்ளே தாயும் பெண்களும் நடுங்குகிறார்கள். தகப்பன் தொலைவிலிருந்து விரைந்து வருகிறான். மூன்றையும் மாற்றி மாற்றிக் காட்டினார். நம் படங்களில் கடைசிக் காட்சியில் கதாநாயகன் வண்டியில் பறந்து வருவதும், வில்லன் தாலி கட்டப் போவதும் மாறி மாறி வருகின்றனவே, அந்த வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இப்படிப் பலர் பலவிதமாக முயன்று, 1910-களின் இறுதிக்குள் சில விதிகள் நிலைபெற்றன. அவற்றை நம் ஊர் நடப்பைக் கொண்டே விளக்கிவிடலாம்.

முதல் விதி, திசை. தோட்டத்துத் திடலில் பந்து விளையாட்டு நடக்கிறது. நாம் ஒரு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம். நம் அணி இடமிருந்து வலமாகப் பந்தைக் கொண்டு போகிறது. இடையில் எழுந்து எதிர்ப்பக்கம் போய் நின்றால், அதே அணி வலமிருந்து இடமாக ஓடும். நாம் நடந்து சென்றதால் குழப்பம் இல்லை. கேமரா சட்டென்று அந்தப் பக்கம் தாவினாலோ, யார் எந்தக் கோலுக்கு அடிக்கிறார்கள் என்று பார்ப்பவர் தடுமாறுவார். ஆகவே, ஒரு காட்சியின் நடுவே மனத்தால் ஒரு கோடு கிழித்து, கேமரா அந்தக் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். பயணத்துக்கும் இதே விதிதான். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் இளைஞன் வேலை தேடி ஈப்போவுக்குப் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் செம்மண் சாலையில் இடமிருந்து வலமாக நடந்தால், பேருந்தும் இடமிருந்து வலமாகவே ஓட வேண்டும். பேருந்து எதிர்த்திசையில் ஓடினால், வேலை கிடைக்காமல் வீட்டுக்குத் திரும்புகிறான் என்றே நாம் எண்ணுவோம்.

இரண்டாம் விதி, பார்வை. ஒருவர் எதையோ பார்க்கிறார். அடுத்த துண்டில் ஒரு பொருள் வருகிறது. அவர் பார்த்தது அதைத்தான் என்று நாம் முடிவு செய்கிறோம். இருவர் பேசும்போது ஒருவர் வலப்பக்கம் நோக்கினால், மற்றவர் இடப்பக்கம் நோக்க வேண்டும். 1940-இல் வந்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். இரட்டை வேடப் படங்களில் ஒருவரே இரண்டு தனி நாட்களில்கூட நடித்திருக்கலாம். எதிரே ஆள் இல்லாமலே பேசியிருப்பார். ஆனாலும் பார்வை நேராக ஒட்டிவிட்டால், அண்ணனும் தம்பியும் முகத்துக்கு முகம் பேசுவதாகவே நாம் நம்புகிறோம்.

மூன்றாம் விதி, அசைவு. ஒருவர் நாற்காலியில் உட்காரப் போகிறார். பாதி உட்காரும்போது தூரக்காட்சியை வெட்டி, மீதி உட்காருவதை அண்மைக் காட்சியில் ஒட்டுவார்கள். நம் கண் அசைவைப் பின்தொடர்ந்துகொண்டிருப்பதால் வெட்டு தெரிவதில்லை. திடலில் அறுந்த படம் நம் கண்ணில் குத்தியதன் காரணம் இப்போது விளங்குகிறது. வாசற்படிக்கும் நாற்காலிக்கும் இடையிலிருந்த அசைவு அங்கே காணாமல் போயிருந்தது.

நான்காவது, பொருள்களின் ஒற்றுமை. உடை, தலைவாரல், காயம், கையிலுள்ள பாத்திரம் எல்லாம் ஒட்டும் இரண்டு துண்டுகளிலும் பொருந்த வேண்டும். 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்துக்காக எம்.ஜி.ஆர். குழுவினர் 1970-இல் ஜப்பானில் நடந்த உலகக் கண்காட்சியிலும் பிற கிழக்காசிய நாடுகளிலும் காட்சிகளைப் பிடித்தார்கள். படம் வெளிவந்ததோ 1973-இல். இத்தனை இடமும் காலமும் கடந்து வந்த துண்டுகளை ஒரே கதையாகப் பொருத்துவது எத்தகைய வேலை என்று எண்ணிப் பாருங்கள்!

இனி இந்த விதிகளை நம் தொழிலிலேயே வைத்துப் பார்ப்போம். பால்வெட்டும் ஒரு பெண்மணியைப் படம் பிடிக்க வேண்டும். முதல் துண்டில், அவர் வாளியோடு நிரையில் நடந்து வருகிறார். இரண்டாவதில், உளி பிடித்த கை பட்டையைச் சீவுகிறது. மூன்றாவதில், பால் மங்கில் சொட்டுகிறது. நான்காவதில், அவர் முகம். பார்க்க அரை நிமிடம்தான். ஆனால் எடுப்பவருக்கு எத்தனை தொல்லை! பால்வெட்டு தொடங்குவது விடியாத இருட்டில். கேமராவுக்கோ வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் வந்த பிறகு நடித்துக் காட்டச் சொன்னால், முன்பு சீவிய இடத்தில் பால் வழிந்துகொண்டிருக்கும். கைக்காட்சியை மறுநாள் வேறு மரத்தில் எடுத்தால், பட்டையின் நிறமும் வெட்டின் உயரமும் மாறியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ரப்பர் மரத்தில் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இறங்குவது வழக்கம். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றுச் சாய்வாக ஓடுகின்றன. இப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் திறக்கும். திசை பொருந்த வேண்டும் என்பதற்காக ஒரு துண்டை இடவலம் மாற்றி அச்சிட்டுவிட்டால், வெட்டு வலமிருந்து இடமாக இறங்கும். பட்டணத்துப் பார்வையாளர் அதைக் கவனிக்கமாட்டார். பால்வெட்டியவர் பார்த்தவுடன், "இது என்ன வெட்டு?" என்று கேட்டுவிடுவார். தொடர்ச்சி என்பது படத்தில் மட்டும் இருப்பதன்று. பார்ப்பவருடைய அறிவையும் பொறுத்தது.

இத்தனை நுட்பமான வேலையைத் தொடக்க காலத்தில் செய்தவர்களில் பலர் பெண்கள். அமெரிக்கப் பட நிறுவனங்களில் சுருள்களை வெட்டி ஒட்டுவது, தையல் வேலையைப் போலக் கைவேலையாகக் கருதப்பட்டதால், குறைந்த கூலிக்கு இளம்பெண்களை அதில் அமர்த்தினார்கள். சுருளின் மேற்பூச்சைச் சுரண்டி, பசை தடவி, அழுத்தி ஒட்ட வேண்டும். கண்ணும் விரலும் ஓயாது உழைக்க வேண்டும். மார்கரெட் பூத் என்ற பெண்மணி 1915-இல் இப்படி ஒட்டுப் பெண்ணாகச் சேர்ந்து, பெரும் நிறுவனமொன்றின் தலைமைத் தொகுப்பாளராக உயர்ந்தார். 1978-இல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது அளிக்கப்பட்டது. வேலை நன்றாக இருந்தால் வேலை செய்தவரே கண்ணுக்குத் தெரியமாட்டார் என்பது இந்தத் தொழிலின் இயல்பு. உலகத்துக் கார்களின் சக்கரங்களுக்குப் பால் எடுத்துக் கொடுத்த நம் தாய்மாருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒட்டின் வல்லமையை ஒரு சோதனையால் காட்டியவர் ரஷ்ய நாட்டு லெவ் குலெஷோவ். ரஷ்யப் புரட்சிக்குப் பின் வந்த ஆண்டுகளில், ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை எடுத்து, ஒரு கோப்பை சூப்புடனும், ஒரு சவப்பெட்டியுடனும் மாற்றி மாற்றி ஒட்டினார். முகம் ஒன்றுதான். ஆனால் பார்த்தவர்கள், பசியை நன்றாகக் காட்டினார், துக்கத்தை அருமையாக நடித்தார் என்று புகழ்ந்தார்களாம். வெவ்வேறு ஊர்களில் எடுத்த துண்டுகளை ஒட்டி, உலகில் எங்குமே இல்லாத ஓர் ஊரை உண்டாக்கவும் முடியும் என்று அவர் காட்டினார்.

அப்படி உண்டாக்கிய ஊர்களில் நம் ஈப்போவுக்கும் பங்கு உண்டு. 1999-இல் வெளிவந்த 'அன்னாவும் அரசரும்' என்ற ஆங்கிலப் படத்தைத் தாய்லாந்தில் எடுக்க அந்நாட்டு அரசு இணங்கவில்லை. எனவே ஈப்போவில் சயாம் மன்னரின் அரண்மனையை அரங்கமாக எழுப்பினார்கள். லங்காவியிலும் பினாங்கிலும் எடுத்த துண்டுகளையும் சேர்த்து ஒட்டியபோது, பேராக் மண் பாங்காக் ஆயிற்று. 2007-இல் ஆங் லீ இயக்கிய சீனப் படத்தில் ஈப்போவின் பழைய வீதிகள் போர்க்கால ஹாங்காங்காகத் தோன்றின. அந்த வீதிகளில் அன்றாடம் நடப்பவர்களுக்குத்தான் உண்மை தெரியும்.

தமிழ்ப் படத்துக்கு வருவோம். 1931-இல் 'காளிதாஸ்' வந்த பிறகு வெளியான தொடக்கப் பேசும்படங்களில் பல, மேடை நாடகத்தை அப்படியே படம் பிடித்தவை. பாட்டு முடியும் வரை கேமரா அசையாது நிற்கும். இந்த நிலையை மாற்ற உதவியவர்களுள் ஒருவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். கலிபோர்னியாவில் திரைப்படக் கலை பயின்று, 1935-இல் இந்தியா வந்தார். தமிழ் அறியாதவர். 1936-இல் அவர் இயக்கிய 'சதி லீலாவதி'தான் எம்.ஜி.ஆர். நடித்த முதல் படம். அந்தக் கதையில், கொலை செய்துவிட்டதாக அஞ்சிய கதாநாயகன் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்கிறான். தமிழ்ப் பேசும்படம் பிறந்து ஐந்தாண்டுக்குள் தோட்டத் தொழிலாளியின் வாழ்வு திரைக்கு வந்துவிட்டது என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது. டங்கன் 1950-இல் 'மந்திரி குமாரி' வரை பல படங்களில் பணியாற்றினார்.

தொகுப்பு அறையிலிருந்தே இயக்குநர்களும் உருவானார்கள். கிருஷ்ணன்-பஞ்சு என்ற இரட்டையரில் பஞ்சு ஒரு தொகுப்பாளர். 1952-இல் வந்த 'பராசக்தி'யை இயக்கியதோடு, 'பஞ்சாபி' என்ற பெயரில் அதைத் தொகுத்தவரும் அவரே. அந்தப் படம் ரங்கூனில் குடியேறிய தமிழ்ச் சகோதரர்களிடமிருந்து தொடங்குகிறது. கடல் கடந்த குடும்பம் போரினால் சிதறுவதையும், ஆளுக்கொரு திசையில் அலைவதையும், மறுபடி சேர்வதையும் குழப்பமின்றிச் சொல்ல வேண்டுமானால் தொகுப்பு சரியாக இருந்தாக வேண்டும். அவர்களிடம் உதவித் தொகுப்பாளராகப் பயின்றவர் ஏ. பீம்சிங். பிறகு 'பாசமலர்' போன்ற குடும்பப் படங்களை இயக்கினார். அவருடைய மகன் பி. லெனின் தேசிய விருது பெற்ற தொகுப்பாளர். கைத்தொழில் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது போல இந்தக் கலையும் வந்தது.

இதே கலை கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. சிங்கப்பூரில் ஷா சகோதரர்கள் ஜாலான் அம்பாஸ் என்ற இடத்தில் நடத்திய ஸ்டூடியோவில் மலாய்ப் படங்கள் தயாராயின. அவற்றின் இயக்குநர்கள் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பி. எஸ். ராஜ்ஹன்ஸ், பி. என். ராவ், எஸ். இராமநாதன், பணி மஜும்தார் ஆகியோர் அவர்களுள் சிலர். சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்த எல். கிருஷ்ணன், 1950-இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தை இயக்கி, பி. ரம்லியை முதன்முறையாகக் கதாநாயகனாக்கினார். பி. ரம்லி 1955-இல் தாமே இயக்கிய முதல் படமான 'பெனாரிக் பெச்சா'வைத் தொகுத்தவர் எச். ஆர். நாராயணா. ரிக்‌ஷா இழுக்கும் ஓர் ஏழையின் கதை அது. மலாய்க்காரர், இந்தியர், சீனர் என்று எல்லாரும் சேர்ந்து உழைத்த அந்த அறைகளில்தான் இந்நாட்டுத் திரைப்படம் பேசக் கற்றது.

இதுவரை சொன்னது கலையின் சிறப்பு. அதன் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும்.

கிரிஃபித் 1915-இல் எடுத்த 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்ற படம் தொகுப்புத் திறமைக்குப் பெயர் பெற்றது. ஆபத்தில் சிக்கியவர்களும், அவர்களைக் காப்பாற்ற விரையும் குதிரை வீரர்களும் மாறி மாறி வரும்போது மக்கள் கைதட்டி ஆரவாரித்தார்கள். ஆனால் அந்தக் குதிரை வீரர்கள் யார்? கறுப்பின மக்களைக் கொன்று குவித்த முகமூடிக் கூட்டத்தினர். கறுப்பின மக்களைக் கொடியவர்களாகவும், கொலைகாரரை மீட்பராகவும் அந்தப் படம் காட்டியது. அதே ஆண்டிலேயே அந்தக் கூட்டம் அமெரிக்காவில் மறுபடி தலையெடுத்தது. விரைந்து வரும் குதிரைக்கு நம் நெஞ்சு தானாக அடித்துக்கொள்கிறது. ஏறி வருபவன் நல்லவனா என்று அது கேட்பதில்லை.

நம் நாட்டிலும் படம் ஒரு கருவியாகப் பயன்பட்டது. 1946-இல் மலாயாப் பிலிம் யூனிட் என்ற அரசாங்கப் பட நிறுவனம் தொடங்கப்பட்டது. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் பக்கத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் பிறந்தது. 1960 ஜூலை வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் தகவல் இலாகாவின் வண்டிகள் கம்பங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் படப்பெட்டியோடு வந்தன. சுகாதாரம், கல்வி பற்றிய நல்ல செய்திகளும் அவற்றில் இருந்தன. அரசாங்கம் மக்கள் மனத்தில் பதிக்க விரும்பிய செய்திகளும் இருந்தன. எல்லாம் ஒரே ஓட்டமாக, ஒட்டுத் தெரியாமல் ஓடின.

1952-இல் பிரிட்டனில் தயாரான 'தோட்டக்காரரின் மனைவி' என்ற படம் மலாயா ரப்பர்த் தோட்டத்தைக் கதைக்களமாகக் கொண்டது. கதையின் நடுவில் இருப்பவர்கள் துரையும் துரைசாணியும். பங்களாதான் காக்கப்பட வேண்டிய வீடு. நாம் முன்பு சொன்ன பார்வை விதியை இங்கே நினைத்துப் பாருங்கள். யாருடைய முகம் முதலில் காட்டப்படுகிறதோ, அவர் கண்வழியே அடுத்த துண்டை நாம் பார்க்கிறோம். துரை முகம் முதலில் வந்தால், அடுத்து வரும் லயம் துரை பார்க்கும் லயம். லயத்துப் பெண்ணின் முகம் முதலில் வந்தால், அடுத்து வரும் பங்களா அவள் பார்க்கும் பங்களா. இரண்டு துண்டுகளின் வரிசையை மாற்றினாலே போதும், கதை வேறாகிவிடும்.

அந்த வரிசை மாறப் பல ஆண்டுகள் ஆயின. 2005-இல் தீபக் குமரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை' என்ற மலேசியத் தமிழ்ப்படம், 1960-களின் ரப்பர்த் தோட்டத்தில் மேலே படிக்க விரும்பும் ஒரு பெண்ணின் கதையைச் சொன்னது. 2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்', 1990-களின் தொடக்கத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் ஒருவன் கண்வழியே, பட்டணத்து ஓரத்துக் குடியிருப்பைக் காட்டியது. இங்கே முதலில் வருவது நம் பிள்ளையின் முகம்.

ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் இடிந்தன, கோயிலும் பள்ளியும் சில இடங்களில் பெயர்ந்தன. பேராக்கில் பல குடும்பங்களின் கதை இப்படித் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஆனால் இன்று நம் பிள்ளைகள் கையில் கைப்பேசி இருக்கிறது. அன்று ஒரு ஸ்டூடியோவே செய்த வேலையை, எடுப்பதையும் வெட்டுவதையும் ஒட்டுவதையும், அந்தச் சிறு கருவி செய்துவிடுகிறது.

ஆகவே பெற்றோர்களே, இளைஞர்களே, இரண்டு காரியங்கள் செய்யலாம். உங்கள் பாட்டியை உட்கார வைத்து, பெரட்டுக்குப் போன நாளைச் சொல்லச் சொல்லுங்கள். முகத்தை எடுங்கள், உளி பிடித்த கையையும் எடுங்கள். ஒரே பக்கத்தில் நின்று எடுங்கள். பிறகு அழகாக ஒட்டுங்கள். ஆனால் வெட்டாத மூலப்பதிவை அழிக்காமல் வையுங்கள். போர்ட்டர் படத்தின் உண்மையைக் காத்தது அழகான பிரதியன்று, மூலப்படி என்பதை மறவாதீர்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளைகள், நீங்கள் வெட்டி எறிந்த பேச்சைத்தான் தேடக்கூடும்.

அடுத்து, கைப்பேசியில் பிறர் அனுப்பும் படங்கள். ஒருவர் பேச்சில் பாதியை வெட்டி, வேறோர் இடத்துக் கூட்டத்தோடு ஒட்டினால் சண்டை மூட்டிவிட முடியும். அத்தகைய படம் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். யாருடைய முகத்தை முதலில் காட்டுகிறார்கள்? இந்த இரண்டு துண்டுகளும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடுத்தவைதாமா? வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே விட்டுப்போனது என்ன? விடை தெரியும் வரை அதை அடுத்தவருக்கு அனுப்பாதிருப்பது நலம்.

படத்தை ரசிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நன்றாக ஒட்டிய படத்தில் மனம் தோய்ந்து அழுவதும் சிரிப்பதும் அந்தக் கலைக்கு நாம் தரும் மரியாதை. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகு, எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பட்டையைப் பார்த்தே, சீவிய கை பழகிய கையா புதிய கையா என்று சொல்லக்கூடிய குடும்பங்களில் பிறந்தவர்கள் நாம். அந்தக் கண்ணைத் திரையின் மேலும் வைப்போம்.